மணவெறுப்பு: ஒரு சொல்லின் வரலாறும் பேராக் மண்ணின் சில சொற்களும்

ஆங்கிலத்தில் 'மிசாகமி' என்றொரு சொல் உண்டு. திருமணத்தின் மீது கொள்ளும் வெறுப்பு என்பது அதன் பொருள். மக்கள் பேச்சில் அதனைக் கேட்பது அரிது. அகராதியிலோ அது தவறாமல் இடம் பிடித்திருக்கும். தமிழில் அதனை 'மணவெறுப்பு' என்று பெயர்க்கிறோம். பெயர்ப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உறுப்புக்கு உறுப்பு நேராகவே அமைந்துள்ளது. ஆயினும் இச்சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டு, நம் இலக்கியத்திலும் இந்தப் பேராக் மாநிலத்துத் தோட்டங்களிலும் மணம் செய்யாது வாழ்ந்தவர்களைப் பார்க்கப் புகுந்தால், சொல் ஒரு பக்கமும் வாழ்க்கை மறுபக்கமுமாக நிற்கக் காண்கிறோம். அந்த இடைவெளியை ஆராய்வதே இப்பொழிவின் நோக்கம். ஆசிரியர்கள் சொற்பொருள் கற்பிக்கும்போதும், மாணவர்கள் சமூக வரலாறு எழுதும்போதும் இது பயன்படும் என நம்புகிறோம்.

முதலில் சொல்லின் பிறப்பு. கிரேக்க மொழியில் 'மிசோஸ்' என்றால் வெறுப்பு. 'காமோஸ்' என்றால் திருமணம், திருமண விருந்து என்றும் பொருள்படும். இவ்விரண்டும் சேர்ந்து, மணத்தை வெறுப்பவன் என்னும் பொருளில் ஒரு சொல் கிரேக்கத்திலேயே வழங்கியது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கிரேக்க இலத்தீன் அருஞ்சொற்களை அறிஞர்கள் ஆங்கிலத்துள் வாரி வாரிக் கொண்டுவந்த காலத்தில், இதுவும் உடன் வந்தது. பெண்வெறுப்பைக் குறிக்கும் 'மிசாஜினி', மனித இனத்தையே வெறுப்பதைக் குறிக்கும் 'மிசாந்திரபி' ஆகியவை இதன் உடன்பிறப்புகள். மறுபக்கத்தில் 'மோனோகமி', 'பிகமி', 'பாலிகமி' ஆகியன 'காமோஸ்' வழி வந்த உறவுகள். உயிரியலில் மாணவர்கள் படிக்கும் 'காமீட்' என்னும் பாலணுவுக்கும் வேர் அதுவே.

இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிடாமல் மேலே செல்ல மனம் இல்லை. 'மோனோகமி', 'பாலிகமி' ஆகியவற்றைத் தமிழில் ஒருதாரமணம், பலதாரமணம் என்று எழுதுகிறோம். கிரேக்கச் சொல்லில் இருப்பது ஒரு மணம், பல மணம் என்பது மட்டுமே. மணப்பவர் ஆணா பெண்ணா என்று அது சொல்லவில்லை. தமிழாக்கத்திலோ 'தாரம்' வந்து புகுந்துகொண்டது. தாரம் என்றால் மனைவி. ஆகவே மணத்தை எண்ணும் பொறுப்பைக் கணவன் கையில் கொடுத்துவிட்டோம். மொழிபெயர்ப்பாளர் எவரும் தீய நோக்கத்தோடு இதைச் செய்திருக்க மாட்டார். பழக்கம் செய்த வேலை இது. மணத்தைப் பற்றிய தமிழ்ச் சொற்கள் எவருடைய கண்ணால் பார்க்கின்றன என்னும் கேள்வியை இதிலிருந்தே எழுப்பிக்கொள்ளலாம்.

ஐரோப்பாவில் மணவெறுப்பு என்பது வெறும் மனநிலையாக நில்லாமல் ஓர் இலக்கிய மரபாகவே வளர்ந்தது. அரிஸ்டாட்டிலின் மாணவரான தியோபிராஸ்டசு எழுதியதாகச் சொல்லப்படும் ஒரு நூல், அறிவுடையவன் மணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டு, கூடாது என்று முடிக்கிறது. மனைவியும் நூலும் ஒரே வீட்டில் ஒத்து வாழா என்பது அதன் வாதம். அந்நூல் நமக்கு நேராகக் கிடைக்கவில்லை. கி.பி. 393ஐ ஒட்டி, ஜெரோம் என்னும் கிறித்தவத் துறவி, மணந்தோரும் கன்னிமை காத்தோரும் தகுதியில் ஒப்பர் என்று கூறிய ஜொவினியன் என்பாரை மறுத்து எழுதிய நூலில் அதனை எடுத்தாண்டிருப்பதால்தான் அறிகிறோம். ஜுவினால் என்னும் உரோமானியப் புலவரின் ஆறாம் அங்கதம் மூன்றாவது வகைக்குச் சான்று. காத்தரினா வில்சன், எலிசபெத் மக்காவ்ஸ்கி ஆகிய இருவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில் இவ்விலக்கியத்தைத் துறவு சார்ந்தது, மெய்யியல் சார்ந்தது, பொதுமக்களுக்கான எள்ளல் சார்ந்தது என மூன்றாகப் பிரித்தனர். மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. பேசுபவன் ஆண், அறிவுரை கேட்பவனும் ஆண். மணவெறுப்பு எழுதத் தொடங்கினால் இரண்டு பக்கத்திற்குள் அது பெண்வெறுப்பாக மாறிவிடுவதும் இதனால்தான்.

இனித் தமிழுக்கு வருவோம். 'மணவெறுப்பு' என்னும் தொடரைச் சங்கப் புலவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினால் அவர் என்ன பொருள் கொள்வார்? திருமணத்தின் மீதான பகை என்று கொள்வாரென உறுதியாகச் சொல்ல இயலாது. தொல்காப்பிய உரியியல், விறப்பு, உறப்பு ஆகியவற்றோடு வெறுப்பு என்பதையும் சேர்த்து, செறிவு என்னும் பொருளை அதற்குக் கூறுகிறது. திருக்குறளில் 'வெறுக்கை' என்னும் சொல் செல்வத்தைக் குறிக்கிறது. ஊக்கமுடைமை அதிகாரத்தில் மன எழுச்சியையே ஒருவனது வெறுக்கையாக வள்ளுவர் சொல்கிறார். 'மணம்' என்பதற்கோ நறுமணம் என்பதும் பொருள். எனவே அப்புலவர் நம் தொடரைப் 'பூவாசனையின் செறிவு' என்று கொண்டு மகிழ்ந்திருக்கவும் கூடும்!

செறிவையும் செல்வத்தையும் குறித்த சொல் பகையைக் குறிப்பதாக மாறியது எவ்வாறு? மிகுந்தது தெவிட்டும், தெவிட்டியது வேண்டாததாகும். உண்டு நிறைந்தவன் உணவைத் தள்ளுவது போன்ற நிலை அது. அவ்வழியே பொருள் நகர்ந்திருக்கும் என்று கருத இடமுண்டு. அவ்வாறு கொண்டால், தமிழ் 'வெறுப்பு' தன் அடியில் நிறைவை வைத்திருக்கும் சொல். அடைந்து, நுகர்ந்து, போதும் என்றவரின் சொல். அடையவே வழியில்லாதவருக்கு அது எப்படிப் பொருந்தும்? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு தோட்டத்து வரலாற்றுக்குச் செல்ல வேண்டும். அதற்கு முன் இன்னொரு சொல்லைப் பார்த்துவிடுவோம். தமிழில் மணவெறுப்புக்கு உண்மையான பழஞ்சான்று அதில்தான் இருக்கிறது.

அச்சொல் 'கடி'. பழந்தமிழில் மணத்தைக் குறிக்க வதுவை, மன்றல், வரைவு, கரணம் முதலிய சொற்கள் இருந்தன. அவற்றுள் 'கடி'யும் ஒன்று. கடிமணம், கடிமகள் என்னும் வழக்குகளை மாணவர்கள் அறிவர். தொல்காப்பியர் இச்சொல்லுக்கு வரைவு, கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, அச்சம் எனப் பத்துப் பொருள்களை அடுக்கி, ஐயம், கரிப்பு என்னும் இரண்டையும் பின்னர்ச் சேர்க்கிறார். மணப்பந்தலில் நிற்கும் பெண்ணிடம் இவற்றுள் எத்தனை ஒருங்கே கூடியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் வியப்புத் தோன்றும். இவற்றோடு 'கடி' என்பது 'விலக்கு' என்னும் ஏவலும் ஆகும். கடிதல் என்றால் நீக்குதல், தள்ளுதல். ஒரே ஒலி, ஒரு பக்கம் மணம், மறுபக்கம் விலக்கு.

இந்த இரட்டைப் பொருளைச் சமண முனிவர் ஒருவர் பற்றிக்கொண்டார். நாலடியாரில் 'துறவு' என்னும் அதிகாரத்தில் ஒரு வெண்பா உள்ளது. அதன் கருத்து இது: மனைவியிடம் நற்குணம் இல்லாமற் போகலாம், மக்கட்பேறும் வாய்க்காமற் போகலாம், அப்போதும் கணவன் அவளை விட்டு நீங்குதல் எளிதன்று. ஒருமுறை பூண்டுகொண்டால் கழற்ற முடியாத துன்பமாக அது நிற்கிறது. அக்காரணத்தால்தான் கற்றறிந்த முன்னோர் மணத்துக்குக் 'கடி' என்று பெயரிட்டனர் என அவ்வெண்பா முடிகிறது. அதாவது, 'விலக்கிவிடு' என்னும் எச்சரிக்கையைப் பெயரிலேயே பொதிந்து வைத்தார்களாம்! அந்நூலின் 'பன்னெறி' அதிகாரத்தில் வேறொரு வெண்பா இதே சிலேடையை மீண்டும் ஆள்கிறது. கடி என்று சொல்லக் கேட்டும் கடியாதவன், சாப்பறை ஒலியைக் காதால் கேட்டும் தெளியாதவன், மறுபடி ஒருத்தியை மணந்து இன்புற்றிருப்பது, கல்லை எடுத்து எறியும் தவறுக்கு ஒப்பானதாம்.

சொல்லாராய்ச்சி என்ற அளவில் இதனை ஏற்க முடியாது. மணத்தைக் குறிக்கும் 'கடி', காவல், புதுமை ஆகிய பொருள்களோடு உறவுடையதாகத் தோன்றுகிறதே தவிர, விலக்கு என்னும் எச்சரிக்கையிலிருந்து பிறந்திருக்க முடியாது. ஆனால் தவறான சொற்பிறப்பும் ஒரு வரலாற்று ஆவணமே. மணத்தின் பெயருக்குள்ளேயே மணமறுப்பைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு ஒரு துறவு மரபு தமிழில் இயங்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஐரோப்பியருக்கு இரண்டு சொற்களை ஒட்டவைக்க வேண்டியிருந்தது. தமிழ் முனிவருக்கோ ஒரு சொல்லே போதுமானதாயிற்று. 'வரைதல்' என்பதற்கும் மணத்தல், விலக்குதல் என்னும் இரு பொருள்களும் உண்டு என்பதை இதனோடு சேர்த்து எண்ணுக. அவ்வெண்பாவிலுள்ள 'பூணுதல்' என்னும் கருத்து இன்றும் சாகவில்லை. திருமணத்தைக் 'கால்கட்டு' என்று சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. ஊர் சுற்றும் மகனுக்கு ஒரு கால்கட்டுப் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லும் தாய், நாலடியார் முனிவரின் உவமையையே நல்ல நோக்கத்திற்குப் பயன்படுத்துகிறாள்.

சமணரிடையே இன்னொரு வியப்பும் உண்டு. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணிக்கு 'மணநூல்' என்றே ஒரு பெயர் வழங்குகிறது. சீவகன் மணக்கிறான், மணக்கிறான், மணந்துகொண்டே இருக்கிறான். காப்பியம் முத்தி இலம்பகத்தில் அவன் துறவு பூண்பதில் முடிகிறது. நிறைந்து, தெவிட்டி, விலகுதல் என்னும் 'வெறுப்பின்' பழைய பாதை ஒரு முழுக் காப்பியமாக விரிந்திருக்கிறது என்றே சொல்லலாம். வள்ளுவர் இந்த வழியில் செல்லவில்லை. இல்வாழ்க்கையையும் வாழ்க்கைத் துணைநலத்தையும் முன்வைத்து, துறவைப் பின்னர் வைத்தார். பெண்வழிச் சேறலில் அவர் கண்டிப்பது மனைவிக்கு அஞ்சி நடப்பவனையே, மணத்தை அன்று.

இதுவரை பேசியவர்கள் எல்லாரும் ஆண்கள். மணத்தை ஏற்காத பெண்களுக்குத் தமிழ் என்ன பெயர் வைத்தது? புறத்திணையில் மகட்பாற்காஞ்சி என்றொரு துறை உண்டு. பெண் கேட்டு வந்த வேந்தனுக்கு மகளைத் தர மறுக்கும் குடியின் நிலையை அது பாடும். புறநானூற்றில் அத்துறைப் பாடல்கள் வரிசையாக உள்ளன. அங்கே மறுப்பவர் தந்தையும் தமையன்மாரும். ஊரே அழியப்போகிறதே என்று புலவர் கலங்குகிறார். அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்பதை எவரும் கேட்பதில்லை. தந்தையின் மறுப்புக்கு இலக்கணத்தில் பெயர் இருந்தது. மகளின் மறுப்புக்கு இல்லை. அகத்திணையில் தலைவி அயலார் வரைவை மறுப்பாள் என்பது உண்மை. அது தான் விரும்பிய ஒருவனை மணப்பதற்காகவே.

பெயர் இல்லாமற் போனாலும் பெண்கள் இல்லாமற் போகவில்லை. மணிமேகலை உதயகுமரனை ஏற்காமல் அறவழியில் சென்றாள்; பசிப்பிணி நீக்குவதைத் தன் வேலையாகக் கொண்டாள். திலகவதியாருக்குக் கலிப்பகையாரை மணம் பேசி முடித்திருந்தனர். அவர் போரில் இறந்தார். தாமும் உயிர்விட எண்ணிய அம்மையார், தம்பி மருணீக்கியாருக்காக உயிர் தாங்கி, மணமின்றியே வாழ்ந்தார். அந்தத் தம்பிதான் பின்னர் அப்பராக விளங்கினார். ஆண்டாள் மானிடரை மணப்பதை மறுத்தாள். ஆனால் மணத்தையே தன் பாடலின் பொருளாகக் கொண்டாள். இவர்களுள் எவரிடத்தில் மணவெறுப்பைக் காட்ட முடியும்?

ஔவையாரின் கதை இவற்றினும் நுட்பமானது. மணத்திலிருந்து தப்பப் பிள்ளையாரை வேண்டி, இளமையிலேயே முதுமையைப் பெற்றார் என்பது மக்கள் வழங்கும் கதை. நம் தமிழ்ப் பள்ளிகளில் இதனைக் கேளாத பிள்ளை இல்லை. அதே ஔவையாரின் பெயரால் வழங்கும் கொன்றை வேந்தன், இல்லறத்தைத் தவிர வேறு நல்லறம் இல்லை என்னும் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்கிறது. கதையும் நூலும் ஒரே காலத்தவை அல்ல, ஒரே ஔவைக்கு உரியனவும் அல்ல என்று வரலாற்றாசிரியர் சொல்வர். மக்கள் மனமோ இரண்டையும் ஒரே பாட்டியிடம் வைத்து, முரணாக உணராமல் ஏற்றுக்கொண்டது. தான் வேண்டாம் என்பவள் மற்றவரை வேண்டாம் என்று சொல்பவள் அல்லள் என்பதை மக்கள் அறிந்திருந்தனர்.

இப்போது பேராக்கிற்கு வருவோம். சுங்கை சிப்புட், கோலகங்சார், பத்து காஜா, பீடோர், சித்தியவான், தெலுக் இந்தான் என்று நீளும் பால்மரக் காடுகளுக்குக் கங்காணி முறையில் ஆள் சேர்த்தபோது ஆண்களே மிகுதியாக வந்தனர். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மலாயா இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறுக்கும் குறைவான பெண்களே இருந்தனர். அதற்கு முந்திய கணக்குகளில் நிலை இதனினும் மோசம். இதன் பொருள் வெளிப்படையானது. பெருந்தொகையான ஆண்கள் மணம் செய்துகொள்ள வழியே இல்லாமல் இந்த மண்ணில் உழைத்து மூப்படைந்தனர். ஊருக்குப் போய்ப் பெண் கட்டிவரக் கப்பல் கூலியும் விடுப்பும் வேண்டும். கடனும் காய்ச்சலும் அதற்கு விடவில்லை. 1938இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர் ஏற்றுமதியை நிறுத்தியது. அதன்பின் போர் வந்தது. சயாம் மரண இரயில்பாதைக்குத் தோட்டத்து ஆண்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுசெல்லப்பட்டனர்.

அவ்வாறு தனித்து நின்றவர்களுக்குத் தோட்டம் ஒரு பெயர் வைத்திருந்தது: ஒண்டிக்கட்டை. தனிக்கட்டை என்றும் கட்டைப் பிரமசாரி என்றும் சொல்வதுண்டு. 'ஒண்டி' என்றால் தனி. 'கட்டை' என்பது உடலையும் விறகையும் ஒருங்கே குறிப்பது. தளிரோ கிளையோ இல்லாத மரத்துண்டு. பெரட்டுக்குப் பெயர் கொடுத்து, பால்மரம் சீவி, லயத்து அறையில் தானே சமைத்து உண்டு, இறந்தபின் கொள்ளி வைக்க அயலாரை எதிர்பார்த்த மனிதரை எண்ணும்போது, அச்சொல்லில் உள்ள எள்ளல் நமக்குச் சற்றுக் கடுமையாகவே படுகிறது. ஆனாலும் அகராதியின் 'மணவெறுப்பு' என்பதைக் காட்டிலும் அது உண்மையான சொல். அது அவருடைய உள்ளத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவில்லை. அவர் நிலையை மட்டுமே சொல்கிறது. வெறுக்க வேண்டுமென்றால் முதலில் அடைந்திருக்க வேண்டுமே.

பெண்ணின் நிலை வேறு. பெண்கள் குறைவாக இருந்ததால் மணமாகாதிருத்தல் அவளுக்கு ஏறக்குறைய இயலாத ஒன்று. அவளும் பால் வெட்டினாள், கூலி பெற்றாள். 1920களின் இறுதியில் சில மாவட்டங்களுக்கு அரசு வரையறுத்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்த 40 காசு கையில் இருந்தும், தனியே வாழ்வதற்கு ஓர் இடம் இல்லை. லயத்து வீடு தோட்டத்திற்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். குடும்பத்தை ஒட்டியே அறைகள் பகிரப்பட்டன. கூலி இருந்தும் கூரை இல்லாத பெண்ணுக்கு மணமறுப்பு என்பது எண்ணிப் பார்க்கக்கூடிய வழியாக இருந்ததா?

இதனை நன்கு விளங்கிக்கொள்ள, ஈப்போ நகரின் சீனர் வாழ்வோடு ஒப்பிட வேண்டும். ஈப்போவும் கிந்தா பள்ளத்தாக்கும் ஈயத்தால் வளர்ந்தவை. கண்டோனிய மொழி இந்நகரின் தெருமொழியாக இன்றும் ஒலிக்கிறது. அந்தக் கண்டோனியர் நாடான குவாங்துங்கில், முத்தாற்றுக் கழிமுகத்தைச் சேர்ந்த சுண்டே முதலிய மாவட்டங்களில், 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஒரு வழக்கம் நிலவியது. பட்டுநூல் ஆலைகளில் கூலி பெற்ற பெண்களுள் பலர் மணமே செய்துகொள்வதில்லை என்று சூளுரைத்தனர். அதற்கு ஒரு சடங்கு இருந்தது. மணநாளில் மணப்பெண்ணின் கூந்தலைப் பிறர் வாரி முடிப்பது அம்மக்கள் மரபு. இப்பெண்களோ தெய்வத்தின் முன் நின்று தம் கூந்தலைத் தாமே வாரி முடித்துக்கொண்டனர். அதனால் அவர்களுக்குச் 'சோ ஹெய்' என்று பெயர். சீப்பால் வாரி மேலே முடித்தல் என்பதே அதன் பொருள். மார்ஜரி டாப்லி 1975இல் எழுதிய கட்டுரையும் ஜேனிஸ் ஸ்டாக்கார்டு 1989இல் வெளியிட்ட நூலும் இவ்வழக்கத்தை விரிவாக ஆராய்ந்துள்ளன.

1930களில் உலகச் சந்தையில் பட்டு விலை வீழ்ந்தது; ஆலைகள் மூடின. 1933இல் மலாயாவில் வந்த அயலார் சட்டம் சீன ஆண்களின் வருகைக்கு வரம்பு கட்டியது; பெண்களுக்கு அவ்வரம்பு சில ஆண்டுகள் இல்லை. எனவே இப்பெண்கள் கப்பலேறிச் சிங்கப்பூருக்கும் மலாயா நகரங்களுக்கும் வந்து வீட்டு வேலையில் அமர்ந்தனர். வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, பின்னலோ கொண்டையோ இட்ட தலை. 'அமா' என்று நாம் அறிந்த பணிப்பெண்களில் பலர் இவர்களே. ('அமா' என்பது போர்த்துகீசியச் சொல். தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் நம் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட 'ஆயா'வும் போர்த்துகீசியம் வழியே வந்தவள்தான்.) வேலை இல்லாத நாளில் தங்குவதற்குப் பலர் சேர்ந்து வாடகைக்கு அறை எடுத்து வைத்திருந்தனர். அதனை அவர்கள் குங்சி அறை என்றனர். நம் பேச்சில் உள்ள 'கொங்சி'யே அது. முதுமையில் மரக்கறி மடங்கள் அடைக்கலம் தந்தன. கூலியும் கூரையும் தோழமையும் ஒருங்கே கிடைத்தன. பட்டாலைப் பெண்ணுக்கு இருந்தது பால்மரக் காட்டுப் பெண்ணுக்கு இல்லாமற் போனது மனத்துணிவு அன்று; அந்த அறைதான்.

சொல்லாராய்ச்சி நோக்கில் 'சோ ஹெய்' நம் கவனத்திற்கு உரியது. கிரேக்கச் சொல் உள்ளத்து உணர்ச்சிக்குப் பெயரிடுகிறது. கண்டோனியச் சொல்லோ கை செய்த செயலுக்குப் பெயரிடுகிறது. அதில் வெறுப்பும் இல்லை, குறையும் இல்லை. நம் 'முதிர்கன்னி'யை இவற்றின் அருகே வைத்துப் பாருங்கள். அது உணர்ச்சியையும் சொல்லவில்லை, செயலையும் சொல்லவில்லை. வயதை மட்டும் எண்ணுகிறது. கன்னி என்னும் சொல்லுக்கு இளமையும் அழியாமையும் பொருளாக இருந்தும், 'முதிர்' என்னும் அடைமொழி அதனைக் காலம் தவறிய காய்போல் ஆக்கிவிடுகிறது. பரிவோடு இச்சொல்லைக் கவிதையில் ஆள்வோர் உண்டு. பரிவோடு சொன்னாலும் புண்படுத்தும் சொல் அது என்பதே எம் கருத்து. மலாய் மொழியிலும் 'அண்டார்த்து' என்னும் சுருக்கச்சொல் இதே வேலையைச் செய்கிறது. முதிர்ந்த கன்னிப்பெண் என்பதே அதன் விரிவு.

மணத்தை ஆராய்ந்த ஒரு குரல் ஈப்போவிலேயே ஒலித்ததையும் சொல்ல வேண்டும். 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.இராமசாமி, நாகம்மையாருடன் மலாயாவுக்கு வந்தார். பினாங்கில் இறங்கியபின் ஈப்போவுக்கு வந்து தமிழர் மாநாட்டைத் தொடங்கி வைத்தார். தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணங்கள் தொடங்கிச் சில காலமே ஆகியிருந்தது. சடங்கும் புரோகிதரும் இல்லாத அம்முறை மலாயாத் தோட்டங்களுக்கும் பரவியது. மணத்தையே ஒழிக்க வந்தவர்கள் என்னும் பழியும் அவ்வியக்கத்தைத் தொடர்ந்தது. உண்மையில் அக்காலத்தில் பெரியார் தாக்கியது மணத்தின் சொற்களையே. கன்னிகாதானம் என்றால் பெண்ணைத் தானமாகக் கொடுப்பது. கொடுக்கப்படுவது பொருள்தானே என்று கேட்டார். 'பெண் ஏன் அடிமையானாள்' என்னும் நூல் 'கற்பு' என்னும் சொல்லின் பகுதியையும் பொருளையும் ஆராய்வதிலிருந்தே தொடங்குகிறது. மணவிழாவுக்கு வாழ்க்கைத் துணைநல ஒப்பந்தம் என்று அவ்வியக்கத்தார் பெயரிட்டபோது, திருக்குறளின் ஓர் அதிகாரத் தலைப்பே கைகொடுத்தது. இறுதிக் காலத்தில் அவர் மணம் என்னும் ஏற்பாடே வேண்டாம் என்னும் அளவுக்குச் சென்றார். இரு முறை மணம் செய்துகொண்டவரும், எண்ணற்ற மணங்களை நடத்தி வைத்தவரும் அவரே. அதனை முரண் என்று கொள்வோர் கொள்க. மணத்தின் உள்ளே நின்று அதன் சொற்களை உரசிப் பார்த்தவர் என்றே நாம் கருதுகிறோம்.

சட்டம் பின்னர் வந்தது. 1967இல் தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணம் சட்ட ஏற்புப் பெற்றது. இங்கே, முஸ்லிம் அல்லாதோருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்து, ஒருவருக்கு ஒரு மணமே என்பதையும் பதிவையும் கட்டாயமாக்கியது. கோயிலில் தாலி கட்டியது போதும் என்று பதிவை விட்டுவிட்ட தோட்டத்துத் தம்பதியர் அதன்பின்னும் இருந்தனர். ஊருக்கு அவர்கள் கணவன் மனைவி. அரசுத் தாளில் அவர்கள் இருவரும் மணமாகாதவர்கள். கணவர் இறந்தபின் சேமநிதிக்கும் இழப்பீட்டுக்கும் அலுவலகம் அலுவலகமாக அலைந்த பெண்களை இம்மாநிலத்துத் தொண்டர்கள் பலரும் அறிவர். நாற்பது ஆண்டு இல்லறம் நடத்தியவரைக் 'கைம்பெண்' என்று ஏற்கவும் ஒரு தாள் வேண்டியிருந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறியும் போனபின், மக்கள் புந்தோங்குக்கும் ஈப்போவின் புறநகர்களுக்கும் குடிபெயர்ந்தனர். இன்று அங்கே தனியே வாழும் ஆசிரியையும் தாதியும் உண்டு. பெற்றோரைப் பேணுவதற்காக மணத்தைத் தள்ளிவைத்தவரும் உண்டு. கேட்டு வந்த எவரையும் பிடிக்காதவரும் உண்டு. உண்மையாகவே மணத்தை வெறுப்பவரும் இருக்கலாம். பள்ளிக்கூடத்துப் படிவத்திலும் மருத்துவமனைப் படிவத்திலும் இவர்கள் எல்லாருக்கும் கட்டம் ஒன்றுதான். அதில் 'புஜாங்' என்று அச்சிட்டிருக்கும். பதினெட்டு வயது மாணவனும், எழுபது வயது ஒண்டிக்கட்டையும், தன் கூந்தலைத் தானே முடித்துக்கொண்ட அமாவும் அந்த ஒரே கட்டத்தில்தான் குறியிட்டிருப்பார்கள்.